ஆறாம் பாகத்தில் அவள் தூங்கிப்போனாள்

கடைசிப் பாகம் என் கைக்கு வந்தபோது அதைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. வருஷக்கணக்கில் காத்திருந்த புத்தகம். என் தங்கை அதைச் செய்தித்தாளில் சுற்றி, துணிப்பையின் அடியில் பத்திரமாக வைத்து, கண்ணமங்கலத்திலிருந்து போளூர் வந்து, அங்கே மலை பஸ்ஸுக்காக வெயிலில் காத்துக் கிடந்து, ஜவ்வாது மலைமேல் நான் நர்ஸாக இருந்த சுகாதார நிலையத்துக்கே கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதை வாங்கி, அட்டையைக்கூடப் பார்க்காமல், மருந்து அலமாரியின் மேல் வைத்துவிட்டு, வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குச் சட்டி பிடிக்கப் போனேன்.

"இன்னாக்கா, பிரிச்சிகூட பார்க்கல?"

"அப்புறம் பார்க்கிறேன். நீ அந்த வாளிய இப்படித் தள்ளு."

அவள் பையைக் கீழே வைக்கவும் இடம் தேடிக்கொண்டு நின்றாள். இடமில்லை. கட்டில்கள் நிரம்பி, இரண்டு கட்டிலுக்கு நடுவில் பாய், வராண்டாவில் பாய், வராண்டாவுக்கு வெளியே தார்ப்பாய் கட்டி அதன் கீழேயும் பாய். அந்த வருஷம் முதல் மழைக்குப் பிறகு வாந்திபேதி வந்திருந்தது. ஊற்றுத் தண்ணீர் கெட்டுப்போய், ஒரு குக்கிராமத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தது. டாக்டர் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கிராமமாகப் பிளீச்சிங் பவுடரோடு அலைந்தார். என்னோடு வேலை பார்த்த இன்னொரு நர்ஸ் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். நானும் கூட்டிப் பெருக்கும் ஆயாவும்தான். ஆயாவுக்கும் வயிறு சரியில்லாமல் போனதிலிருந்து நான் மட்டும்தான்.

தங்கை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வாளியைத் தள்ளினாள். அதோடு அவள் திரும்பிப் போவதாக இருந்த பஸ்ஸும் போய்விட்டது.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் அப்பா ஒருமுறை தன் சைக்கிள் கடைக்கு டியூப் வாங்க வேலூர் போனவர், பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் முதல் பாகத்தை வாங்கிவந்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய புத்தகம். கதை இதுதான். ஒரு தேசத்து மந்திரவாதி இரவைத் திருடி ஒரு குடுவையில் அடைத்து, மலைக்குள் ஒளித்துவைத்துவிடுகிறான். அதன்பிறகு அந்தத் தேசத்தில் பொழுது சாய்வதே இல்லை. யாராலும் தூங்க முடியாது. மாடுகள் நின்ற இடத்தில் கிறுகிறுத்து விழுகின்றன. தாய்மார்களுக்குத் தாலாட்டுகள் மறந்துபோகின்றன. ஒரு படகோட்டியின் மகள் இரவை மீட்டுவரக் கிளம்புகிறாள். அவளுக்குத் துணையாக ஒரு ராட்சசன். பனைமர உயரம், ஆனால் தண்ணீர் என்றால் நடுங்குவான். முதல் பாகத்தில் அவனை ஆறு தாண்டவைக்க அவள் கண்ணைக் கட்டி, படகில் படுக்கவைத்து, கட்டாந்தரையில் வண்டியில் போவதாகப் பொய் சொல்லி அக்கரை சேர்ப்பாள். என் தங்கை அந்த இடத்தை எனக்குப் படித்துக்காட்டும்போதெல்லாம் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

அடுத்த பாகம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சில சமயம் வருஷத்துக்கு ஒன்று. சில சமயம் இரண்டு வருஷம் சத்தமே இருக்காது. அப்பா வேலூர் போகும்போதெல்லாம் கடையில் விசாரிப்பார். "உங்க பொண்ணுங்களுக்கு நானே எழுதிக் குடுத்துடட்டா?" என்று கடைக்காரர் கேட்டாராம். நாலாம் பாகத்துக்குப் பிறகு எழுதியவர் செத்துப்போயிருப்பார் என்றே முடிவுகட்டிவிட்டோம். ஐந்தாம் பாகம் வந்தது. குடுவை இருக்கும் மலையின் கதவு வரைக்கும் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அது முடிந்தது. அந்தக் கதவுக்கு முன்னால் நாங்களும் வருஷக்கணக்கில் நின்றோம். அதற்குள் நான் நர்ஸ் பயிற்சி முடித்தேன், மலைக்கு வேலைக்கு வந்தேன். தங்கை டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அழைப்பு வருமென்று வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் விடுமுறைக்குக் கீழே போகும்போதெல்லாம் பேச்சு அங்கேதான் போகும். ராட்சசன் கடைசியில் தானாகத் தண்ணீரில் இறங்குவான், அது எப்போது, யாருக்காக என்பதுதான் கதையே என்பது அவள் கட்சி. எனக்கு அவ்வளவு தூரம் யோசிக்கத் தோன்றியதில்லை. அந்தப் பெண் ஐந்து பாகமாகத் தூங்கவில்லையே என்றுதான் நினைப்பேன்.

தங்கை மலைக்கு வரும்முன்பே ஆறாம் பாகத்தைப் படித்து முடித்திருந்தாள். வந்த முதல் நாளே அது எனக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் எழுதியிருந்தது.

"எப்படிடி இருக்கு?"

"நீ படி. படிச்சிட்டு வா. அப்புறம் பேசிக்கலாம்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

படிக்கத்தான் பார்த்தேன். சலைன் பாட்டில் ஒன்றை மாட்டிவிட்டு, அது இறங்கும்வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பேன். முதல் பாராவிலேயே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். புத்தகம் மடியில் விழும். யாராவது முனகினால் திடுக்கிட்டு எழுந்து, எந்தக் கட்டில் என்று தேடிப் போவேன். திரும்பி வந்தால் எந்தப் பக்கம் என்று தெரியாது. மறுபடியும் அதே பாரா. மலையின் கதவை அவர்கள் திறப்பதை நான் எத்தனை முறை படித்தேனோ. ஒவ்வொரு முறையும் கதவு திறக்கும்போது நான் தூங்கியிருப்பேன்.

தங்கை உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கிக்கொண்டே எட்டிப் பார்ப்பாள். "எந்தப் பக்கத்துல கீற?"

"கதவுகிட்ட."

"நேத்தும் கதவுகிட்டதான் இருந்தே!"

அவளைக் குறை சொல்லக் கூடாது. அந்த நாட்களில் அவள் செய்த வேலையை நான் யாரிடமும் எதிர்பார்த்திருக்க முடியாது. தண்ணீர் கொதிக்கவைத்தாள். உப்பும் சர்க்கரையும் கலந்து டம்ளர் டம்ளராகப் புகட்டினாள். நாற்றத்துக்கு முதல் நாள் மட்டும் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அதற்கும் கை ஒழியவில்லை. அவள் புத்தகத்தைப் பற்றிப் பேச ஆள் தேடி மலை ஏறி வந்தவள். பேச ஆள் கிடைத்தது. ஆனால் அது நானில்லை.

மேட்டைத் தாண்டியிருந்த ஊரிலிருந்து ஒரு அம்மா தன் மருமகளைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். எனக்கு முன்பே பழக்கம். அந்த மருமகளுக்கு முந்தின வருஷம் பிரசவம் பார்த்தது நான்தான். அதற்குப் பிறகு அந்த அம்மா சந்தைக்கு வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் சாமை அரிசியை என் வாசலில் வைத்துவிட்டு, நான் வெளியே வருவதற்குள் போய்விடுவார். மருமகள் தேறி உட்கார்ந்த அன்றே மாமியார் படுத்துவிட்டார். கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் சுருங்கி, பார்க்கவே வேறு ஆளாக இருந்தார். இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றினேன். ஏற ஏற முகம் திரும்ப வந்தது. பேச்சும் வந்தது.

"நர்சம்மா, துன்னியா நீ?" அதுதான் முதலில் கேட்டார்.

என் மடியிலிருந்து புத்தகம் விழுவதையும் தங்கை அதற்கு என்னை அதட்டுவதையும் அவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "இன்னா கதடி அது, அக்காவும் தங்கச்சியும் இப்படி மல்லுக்கட்றீங்க?" என்று தங்கையிடம் கேட்டார். அது போதுமே அவளுக்கு. முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்துவிட்டாள். வராண்டாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கரைசல் புகட்டிக்கொண்டே சொல்வாள். நான் அந்தப் பக்கம் போகும்போது துண்டு துண்டாகக் காதில் விழும்.

"ராத்திரியத் தூக்கிக்கினு பூட்டானா? அப்ப ஜனங்க எப்பதான் படுக்கறது?"

"படுக்கவே இல்லம்மா. அதான் கதையே."

"பாவி. வெளங்குவானா அவன்."

ராட்சசனைப் படகில் படுக்கவைத்து ஏமாற்றிய இடத்தில் அந்த அம்மா சிரித்தது மரத்தடியில் உட்கார்ந்திருந்த அவர் புருஷனுக்கே கேட்டிருக்கிறது. அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இவ பொழச்சிக்கினா" என்று சொல்லி, மறுபடி போய் உட்கார்ந்தார்.

அடுத்த நாள் காலை அந்த அம்மாவுக்கு நாடி நன்றாக இருந்தது. கைகளிலிருந்து ஊசியை எடுத்துவிட்டேன். புதிதாக யாரும் வரவில்லை. டாக்டர் மதியத்துக்கு மேல் வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மதியம் நான் நின்றுகொண்டே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கை வாய்க்குப் போவதற்குள் நின்றுவிட்டதைத் தங்கை பார்த்திருக்கிறாள். தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"போய்ப் படு."

"இல்ல, டாக்டர் வரட்டும்."

"அவரு வந்தா நான் சொல்லிக்கிறேன். பாட்டில் தீந்தா மாத்தத் தெரியும், யாராவது மோசமானா உன்ன எழுப்பறேன். போக்கா."

சாமான் அறையில் சலைன் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் நீளத்துக்குத் தரை இருந்தது. தலைக்கு வைக்கப் பஞ்சுப் பொட்டலம் ஒன்றை இழுத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அதைத் தலைக்குக் கீழே வைத்தேனா என்பது ஞாபகமில்லை. அப்படி ஒரு தூக்கத்தை அதற்கு முன்னும் தூங்கியதில்லை, பின்னும் தூங்கியதில்லை. கனவு இல்லை, சத்தம் இல்லை. யாரோ என்னை எடுத்து ஒரு ஓரமாக வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

எழுந்தபோது ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாக மாறியிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்தால் தங்கை எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒன்றுமில்லை. அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தே பல நாளாகியிருந்தது.

"அந்தம்மா பூட்டாங்கக்கா" என்றாள்.

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை.

நான் படுத்துக் கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறார். தங்கை என்னை எழுப்ப ஓடிவரும்போதே வாசலில் ஜீப் நின்றிருக்கிறது. டாக்டர் உள்ளே வந்து பார்த்து ஊசி போட்டிருக்கிறார். மாரை அழுத்திப் பார்த்திருக்கிறார். "அக்காவ எழுப்பும்மா" என்று அவர் சொன்னாராம். "வேணாம் சார், எது வேணும்னாலும் நான் பிடிக்கிறேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். டார்ச் விளக்கைப் பிடித்தாள், காலைப் பிடித்தாள். அதிக நேரம் ஆகவில்லை. இதயம் தாங்கவில்லை என்று டாக்டர் எனக்குச் சொன்னார். நீங்கள் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம் என்றார். அது உண்மைதான். நான் செய்யக்கூடிய எதுவும் அதில் மிச்சமிருக்கவில்லை.

வெளியே வந்தேன். அந்த அம்மாவை அதற்குள் துணி சுற்றிக் கம்பில் தூளி கட்டியிருந்தார்கள். ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக நாலைந்து பேர் தயாராக நின்றார்கள். புருஷன் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"தூங்கினு கீதுன்னு சொன்னாங்க. நல்லா தூங்கினியா நர்சம்மா?"

அவர் குரலில் எந்தக் குத்தலும் இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, தோளில் கம்பை வாங்கிக்கொண்டார். அவர்கள் மேடு ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. தாகமாக இருந்தது. உள்ளே போய்ச் சொம்போடு தண்ணீரைத் தூக்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு நோய் மெல்ல அடங்கியது. தினமும் ஒருவர் இருவராக எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள். தார்ப்பாயை அவிழ்த்தோம். ஒரு நாள் காலை, வராண்டாவில் கழுவிப் போட்ட பாய்கள் காய்ந்துகொண்டிருந்தபோது, நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். தங்கை எதுவும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்றும் கேட்கவில்லை. மதியத்துக்குள் முடித்துவிட்டேன்.

கதவு திறக்கிறது. அந்தப் பெண் உள்ளே போய்க் குடுவையைக் கண்டுபிடிக்கிறாள். வெளியே மந்திரவாதியின் படை வந்து சூழ்ந்துகொள்கிறது. அவள் குடுவையின் மூடியைத் திறக்கிறாள். இருட்டு புகைபோலக் கிளம்பி, குகையை நிறைத்து, மலையைத் தாண்டி, தேசமெல்லாம் பரவுகிறது. முதல் நட்சத்திரம் தெரிகிறது. பெரிய சண்டை இனிமேல்தான். அவள் ஒரு பாறைமேல் உட்கார்கிறாள், கையை இன்னும் குடுவையிலிருந்து எடுக்காமலே தூங்கிப்போகிறாள். அத்தியாயம் முடிந்தது. அடுத்த அத்தியாயத்தில் விடிந்திருக்கிறது. அவள் கண் திறக்கும்போது வயதான ஒரு படைவீரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். எல்லாம் முடிந்துவிட்டது என்கிறான். மந்திரவாதியைக் கொன்றாகிவிட்டது. ராட்சசன், ஆற்றில் அகப்பட்ட ஜனங்களைத் தோளில் சுமந்து கரையேற்றிக்கொண்டிருந்தவன், வெள்ளத்தோடு போய்விட்டான். அது ஒரே ஒரு வாக்கியம். அவள் தண்ணீர் கேட்கிறாள். குடிக்கிறாள். இன்னொரு முறை கேட்டுக் குடிக்கிறாள். பிறகு எழுந்து அப்பாவின் படகுத்துறையைப் பார்த்து நடக்கிறாள். அவ்வளவுதான்.

நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மேடு ஏறிப் போனவர்களைப் பார்த்து வராத அழுகை அப்போது வந்தது. துக்கம் என்று அதைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் தூங்கினாய் என்று அந்தக் கிழவன் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தான். அந்த இடத்தை மறுபடி படித்தேன். உடம்பில் எங்கெங்கோ முறுக்கிக் கிடந்ததெல்லாம் தளர்ந்த மாதிரி இருந்தது.

தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அழுததைப் பார்த்து, தன் கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

"பார்த்தியாக்கா? எப்படி முடிச்சிருக்கான் பாரு."

"நல்லா இருக்குடி" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "இன்னாது?"

"நல்லா முடிச்சிருக்காரு. அவளால இன்னும் எவ்ளோதான் முடியும்?"

"நல்லா இருக்கா? மந்திரவாதிய யாரு கொன்னது? சொல்லு பார்ப்போம். ஆறு புஸ்தகம்! யாரு கொன்னாங்கன்னே எழுதல. அந்த ராட்சசன் தண்ணில இறங்கறான்க்கா. அவனா இறங்கறான். அத நான் பார்க்க வேணாமா? ஒரு வரியில சொல்லிட்டான். இவ எழுந்து இன்னா கேக்கறா? அவன் எங்கன்னு கேக்கறாளா? தண்ணி கேக்கறா!"

"தாகமா இருக்கும்."

"அவனுக்காக ஒரு சொட்டு அழக்கூட இல்ல."

"அழுவறதுக்கும் தெம்பு வேணும்டி. நீ தூங்காம இருந்து பார்த்ததில்ல."

இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவளும் அந்த நாட்களில் தூங்கவில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது.

"அவங்க அவள எழுப்பியிருக்கணும்" என்றாள். "அவ்ளோதான் நான் சொல்றது. பக்கத்துல அவ்ளோ பேர் இருந்தாங்க இல்ல? ஒருத்தராவது எழுப்பியிருக்கணும். அவ அவன ஒரு தடவ பார்த்திருப்பா."

பாய்கள் காற்றில் படபடத்தன. நாங்கள் இருவரும் எதைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"நான்தான் உன்ன எழுப்பல" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "டாக்டர் சொன்னாரு. நான் வேணான்னுட்டேன். உன்ன எழுப்பறேன்னு உன்கிட்ட சொல்லிட்டு..."

"நீ செஞ்சதுதான் சரி."

"அந்தம்மா உன்ன கேட்டாங்கக்கா. நர்சம்மா எங்கன்னு. தூங்கறாங்கன்னேன். சரி, தூங்கட்டும்னாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு முன்னாடி கத கேட்டுக்கினு இருந்தாங்க. அஞ்சாம் பாகம் முடிச்சிட்டேன். ராட்சசன் இன்னா ஆனான்னு கேட்டாங்க. பொழச்சிட்டான்னு சொல்லிட்டேன். அவன் தண்ணியத் தாண்டி அந்தாண்ட போய்ட்டான், வூடு கட்டிக்கினு நல்லா கீறான்னு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கரைசல் கலக்கிக் கலக்கி விரல்கள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. பிறகு மெதுவாகச் சொன்னேன், எழுப்பியிருந்தால் நான் வந்து நின்றிருப்பேன், கையும் காலும் நடுங்கியிருக்கும், அந்த அம்மா என்னைப் பார்த்துப் பயந்திருப்பார், அவ்வளவுதான் நடந்திருக்கும் என்று. அவள் கேட்டுக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப நான் செஞ்சது சரி."

"சரி."

"ஆனா புஸ்தகம் தப்பு."

"புஸ்தகமும் சரிதான்டி."

"இல்ல. அது தப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து பாய்களைத் திருப்பிப் போடப் போனாள்.

டாக்டர் என்னை ஒரு வாரம் வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொன்னார். கேட்காமலே அவர் கொடுத்த விடுப்பு அது ஒன்றுதான். தங்கையோடு மலை பஸ்ஸில் இறங்கினேன். வளைவுகளில் தலை ஜன்னல் கம்பியில் முட்டிக்கொண்டே இருக்க, அவள் தன் தோள்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். போளூரில் பஸ் மாறும்போது, மந்திரவாதியைக் கொல்ல யார் யாருக்கெல்லாம் காரணம் இருந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தக் கிழட்டுப் படைவீரன்தான் கொன்றிருக்க வேண்டும் என்றேன், பேச்சுக்கு. கண்ணமங்கலம் வரைக்கும் அதை மறுத்துக்கொண்டே வந்தாள். வீட்டில் அம்மா இருவரையும் பார்த்து, இப்படி உருகிப்போய் வந்திருக்கிறீர்களே என்று அழுதார். நான் மூன்று வேளை சாப்பிட்டுப் படுத்தேன். ஆனால் அந்தச் சாமான் அறைத் தூக்கம் வரவில்லை. வெறும் களைப்பு, படுத்தாலும் போகாத களைப்பு. அது என்னோடு மலைக்குத் திரும்பி வந்தது. அடுத்த வருஷமும் இருந்தது.

சில வருஷம் கழித்து எனக்குக் கலசப்பாக்கம் பக்கம் மாற்றல் கிடைத்தது. தங்கைக்கு ஆரணியில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி அங்கேயே குடித்தனம் போனாள். அப்பா கடையை மூடிவிட்டு வீட்டை ஒழித்தபோது ஆறு புத்தகங்களும் என்னிடம் வந்தன. ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்து வீட்டில் கிடந்தபோது முதல் பாகத்திலிருந்து வரிசையாக எடுத்துப் படித்தேன்.

முதல் மூன்று பாகமும் அப்படியே இருந்தன. படகில் ராட்சசன் படுத்திருக்கும் இடத்தில் நான் தனியாகச் சிரித்தேன். ஐந்தாவதிலேயே கொஞ்சம் தொய்வு தெரிந்தது. ஆறாவதை எடுத்ததும் மனசு அடித்துக்கொண்டது. படித்து முடித்தபோது ஒன்றும் நடக்கவில்லை. அது மெல்லிய புத்தகம் என்பதையே அப்போதுதான் கவனித்தேன். எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தை நிரப்பியிருந்தார்கள். ராட்சசன் தண்ணீருக்குப் பயப்படுவான் என்பதே அந்தப் பாகத்தில் எங்கேயும் இல்லை. மூன்றாம் பாகத்தில் செத்துப்போன ஒரு குதிரை மலைக்கதவுக்கு வெளியே புல் மேய்ந்துகொண்டிருந்தது. எழுதியவருக்கு முடியவில்லை. சண்டையை எழுதத் தெம்பில்லாமல் அந்தப் பெண்ணைத் தூங்கவைத்துவிட்டார். நர்ஸாக இத்தனை வருஷம் இருந்தவளுக்கு, ஒருவர் எந்த இடத்தில் ஓய்ந்துபோகிறார் என்று பார்த்தால் தெரியும். என் தங்கை சொன்னது முழுக்கச் சரி. நான் அன்று அந்தப் படியில் அழுதது அந்தப் புத்தகத்துக்காக இல்லை. எனக்கு அப்போது ஒருவர் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. அது அந்தப் பக்கத்தில் கிடைத்தது.

எழுதியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு என்ன சிரமமோ என்று தோன்றியது.

தங்கையிடம் இதைச் சொல்ல வேண்டுமென்று ஆரணிக்குப் போனேன். அவள் ஆபீஸிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். உள் அறையில் அவள் மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். இரண்டு பிள்ளைகளும் வீட்டுப்பாடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நான் சமையலறை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, "நீ சொன்னதுதான்டி சரி. அந்த ஆறாம் பாகம் நல்லா இல்ல" என்றேன்.

"எந்த ஆறாம் பாகம்?"

சொன்னேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "அதையா இத்தன வருஷம் கழிச்சி சொல்ல வந்தே? மறந்தே பூட்டேன்க்கா. அவ தூங்கிடுவா இல்ல? தூங்கிட்டுப் போறா, விடு."

"ராட்சசன் தண்ணிக்குப் பயப்படுவாங்கிறதையே அந்த ஆளு மறந்துட்டாரு."

"அப்படியா?" அடுப்பைத் தணித்தாள். உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார். "வர்றேங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, எழுந்திருக்காமல் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அவன் எங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் அவ" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"கேட்டிருக்கலாம்" என்றேன். கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவளை மாமியாரைப் பார்க்க அனுப்பிவிட்டு, குழம்பைக் கிளறினேன்.